இல்லாத ஊருக்குப் போகாத வழி

தப்பு முழுக்க அவனுடையதுதான். அதில் பங்கு கேட்டு யாரும் வரவில்லை.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். அவன் தொண்டன்கூட இல்லை, ஆபீஸ்களுக்கு டெலிபோன் பெட்டி மாட்டுகிறவன். சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு, கேபிள் சுற்றிய மர உருளையில் முதுகைச் சாய்த்து, கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டான். அந்தச் சத்தியத்தின் யோக்கியதையை அவன் மனைவியிடம் கேட்டால் சொல்வாள். விழித்தபோது கழுத்து ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வாயோரம் ஈரம். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் எட்டு விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

பச்சை எரியக் கூடாது.

அது லிப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியின் தலைமை ஆபீஸ். விடுமுறை நாள் என்பதால் மேலே எல்லா மாடிகளும் காலி. கீழே பேஸ்மெண்டில் ஒரு சின்ன அறை, அதில் அவன், பெட்டி, ஒரு டெஸ்ட் போன், ஒரு லேப்டாப். வெளியே காலையிலிருந்து மழை. மழையைப் பார்க்க முடியாது, சுவருக்குள் ஓடும் குழாயில் அது இறங்கிப் போகிற சத்தத்தை மட்டும் கேட்கலாம். யாரோ நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் குடிப்பது போன்ற சத்தம். அதோடு சூடேறிய தூசியின் வாசனை, பழைய பேட்டரியின் புளித்த வாசனை, அவன் டப்பாவில் மிச்சமிருந்த ஊறுகாயின் வாசனை.

கம்பெனிக்கு மூன்று கட்டடங்கள். ஒன்று இந்த ஆபீஸ், இரண்டு குடோன், மூன்று ஒர்க்‌ஷாப். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, பெட்டிகளுக்கு நடுவில் ஒரு நீலக் கேபிள். வெளியுலகத்திலிருந்து வருகிற எட்டு லைன்களும் இந்தப் பெட்டியில்தான் இறங்கும், மூன்று கட்டடமும் அதைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒரே கிணற்றில் பங்காளிகள் தண்ணீர் இறைப்பது மாதிரிதான். கயிறு சிக்காமலும் மண்டை உடையாமலும் முறை வைத்துக் கொடுப்பது அவன் தொழில். ஒன்றில் ஆள் இல்லையென்றால் இரண்டுக்குப் போ, இரண்டு பிசி என்றால் மூன்றுக்குப் போ.

மூன்றுமே பிசி என்றால்? அதைச் சோதிக்க இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று கட்டடத்தையும் பிசி என்று பொய் சொல்லவைத்துவிட்டு, கடைசிப் போக்கிடமாக இல்லாத ஒரு கட்டடத்தின் எண்ணைப் போடுவார்கள். அவன் ஒன்பது என்று போட்டிருந்தான். ஒன்பது என்று கட்டடமும் கிடையாது, பெட்டியும் கிடையாது. அழைப்பு அங்கே போய் முட்டிச் செத்துவிடும், கூப்பிட்டவர் காதில் பிசி டோன் கேட்கும். சோதித்து முடித்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும். இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்வதை எல்லோரும் செய்வார்கள். சொல்லிவிட்டுத் தூங்கிப்போவதைத்தான் எல்லோரும் செய்வதில்லை.

அழைப்பு முட்டிச் செத்திருந்தால் சிவப்பு மின்னி அணைந்திருக்க வேண்டும். பச்சை என்றால் பேச்சு. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர்.

லேப்டாப்பைத் திருப்பினான். வரிசையாக வெளி நம்பர்கள். எல்லாவற்றுக்கும் எதிரே ஒன்பது. எடுக்கப்பட்டது, எடுக்கப்பட்டது, எடுக்கப்பட்டது.

"எவன்டா எடுத்தது?" என்று சத்தமாகவே கேட்டான். குழாய் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தது.

பெட்டிக்குப் பைத்தியம் என்று முதலில் நினைத்தான். அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் பெட்டிக்குப் பைத்தியம் பிடித்தால் சரிசெய்ய அவனுக்குத் தெரியும். ஒன்பதாம் வரியை அழித்தான். மூன்று கட்டடங்களையும் பிசியிலிருந்து விடுவித்தான். விளக்குகள் அணையவில்லை. அதிலும் அதிசயம் இல்லை. வழியை மாற்றினால் இனி வருகிற அழைப்புதான் மாறும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். பாலத்தை இடித்துவிட்டால் அக்கரைக்குப் போனவன் திரும்பி வந்துவிடுவானா?

டெஸ்ட் போனைக் காதில் வைத்தான். டயல்டோன்.

அந்த ஒலியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவன் மாதிரி அவனுக்குத் தெரியும். கூட வேலை செய்கிற மொட்டை அவனுக்கு வைத்த பட்டப்பெயரே டயல்டோன். யார் எதைச் சொன்னாலும் ஒரே சுருதியில் "ம்ம்ம்ம்" என்பான். வீட்டு ஹாலில் மின்விசிறி டக் டக் என்று அடிக்கிறது, பாருங்க என்று மனைவி மாதக்கணக்காகச் சொல்கிறாள். ம்ம்ம்ம். நாலாவது படிக்கிற மகளோ அதையே ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். படுக்கப்போகும் முன் அப்பாவும் மகளும் சேர்ந்து "ம்ம்ம்ம்" போட வேண்டும், யார் முதலில் மூச்சு வாங்குகிறார்களோ அவர் தோற்றவர். அவன் தொப்பைக்கும் சிகரெட்டுக்கும் ஒருநாளும் ஜெயித்ததில்லை. தோற்று இருமுவதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதற்காகவே தோற்கிறேன் என்று அவன் வெளியில் சொல்லிக்கொள்வது வேறு விஷயம்.

இந்த டயல்டோன் சுருதியில் ஒரு மயிரிழை கீழே இருந்தது. கொஞ்சம் கரகரப்பாகவும் இருந்தது. தொண்டையிலிருந்து வருகிற கரகரப்பு.

போனை வைத்துவிட்டான்.

மகள் வீட்டில் தனியாக இருந்தாள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இருட்டுகிற நேரத்தில்தான் வருவாள். காலையில் கிளம்பும்போது அவன்தான் சொன்னான்: "பேஸ்மெண்ட்ல செல் எடுக்காது பாப்பா. இந்த ஆபீஸ் நம்பருக்குப் பண்ணு. நான்தான் எடுப்பேன். கதவை மட்டும் யாருக்கும் திறக்காத. எனக்கே திறக்காத. என்கிட்ட சாவி இருக்கு."

"நீ சாவியை மறந்துட்டுப் போவியே?"

"ம்ம்ம்ம்," என்றான் அவன்.

இன்று மறக்கவில்லை. சட்டைப்பைக்குள் சாவி இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

ஒரு விளக்கு அணைந்தது. முதல் வரி. லிப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டு கூப்பிட்டிருந்தால்? அவன் தூங்கின தூக்கத்துக்கு அவர்கள் உள்ளே வேர்த்துக்கொண்டிருப்பார்களே. காலியான அந்த லைனைப் பிடித்து, அந்த நம்பருக்கே திரும்ப அடித்தான். எடுத்தவர் ஏதோ ஒரு குடியிருப்பின் வாட்ச்மேன்.

"லிப்ட் கம்பெனிலேர்ந்து பேசறேங்க. இப்ப கூப்பிட்டிருந்தீங்களா?"

"ஆமா சார். ரெண்டாவது மாடி வாத்தியார் உள்ள மாட்டிக்கிட்டாரு. அதான் உங்க ஆளு வந்துட்டாரே."

"எங்க ஆளா? யாரு?"

"யாருன்னா? போன்ல பேசினவருதான். பேசிட்டே இருக்காரு, நான் போனை வைக்கல, அதுக்குள்ள லிப்ட்டுக்குள்ள நிக்கிறாரு. பரவால்ல சார் உங்க சர்வீஸு. போன தடவை நீங்க வர்றதுக்குள்ள எனக்குத் தாடி முளைச்சிருச்சு."

"வாத்தியார் வெளிய வந்துட்டாரா?"

"கீழ கூட்டிட்டுப் போயிருக்காரு சார்."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"கீழதான். கேட்டுகிட்ட."

"அப்ப லிப்ட் உங்க முன்னாடிதானே இருக்கணும்?"

"இல்ல சார், இது... அதுக்கும் கீழ போயிருக்கு."

"உங்க பில்டிங்ல பேஸ்மெண்ட் இருக்கா?"

"அதெல்லாம் எங்க சார் இங்க," என்று வாட்ச்மேன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் எங்கேயோ நடந்துபோகிற செருப்புச் சத்தம். இரும்புக் கதவைத் தட்டும் சத்தம். "வாத்தியாரே? வாத்தியாரே?" பிறகு, வெகு ஆழத்திலிருந்து, கிணற்றுக்குள் வாளி போனதும் வருமே, அந்த மாதிரி ஒரு எதிரொலி. வாட்ச்மேன் போனை வைத்துவிட்டார்.

அவன் கை வேர்த்திருந்தது. அறை சூடு, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டான். அறை சூடாகத்தான் இருந்தது, கை மட்டும் ஐஸாக இருந்தது.

ஏழு பச்சை. மழைக் குழாய். மேலே, காலியான ஆபீஸில், எங்கோ ஒரு மாடியில் லிப்ட் புறப்படுகிற முனகல். அது மேலே போகிறதா கீழே வருகிறதா என்று அவன் காதைத் தீட்டிக் கேட்டான். பிறகு கேட்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

குடோனில் இருந்துகொண்டு அவனோடு சேர்ந்து சோதனை செய்ய வேண்டியவன் மொட்டை. அங்கிருந்து இவனுடைய வீடு இரண்டே தெரு, ஓடிப்போய் மகளைப் பார்க்கச் சொல்லலாம். குடோன் நம்பரைக் கூப்பிட்டான், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மொட்டையின் செல்லுக்கு அடித்தான்.

"எங்கடா இருக்க?"

"பஸ்ஸுல. ஏன்டா, நான் கிளம்பும்போதுதான பேசின. அதுக்குள்ள பொண்டாட்டி மாதிரி எங்க இருக்கன்னு கேக்குற?"

"நான் பேசினேனா?"

"நீ எங்க பேசின? வேலை முடிஞ்சுதான்னு கேட்டா ம்ம்ம்ம். நான் கிளம்பவான்னா ம்ம்ம்ம். உன் வாயில முத்து உதிர்ந்துடுமே. பாப்பா தனியா இருக்குமே, நீயும் போறியான்னு கேட்டேன். அதுக்கு மட்டும்தான் வாயைத் திறந்த."

"என்னன்னு?"

"வீடு எங்கன்னு கேட்ட."

குழாயில் தண்ணீர் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"டேய், லைன்ல இருக்கியா? சொந்த வீட்டுக்கே வழி கேக்குறானே, கழண்டுடுச்சு போலன்னு நினைச்சேன்."

"சொன்னியா?"

"அப்புறம் நீ ஜோக்கடிக்கிறன்னு நானும் வழி சொன்னேன்டா. மார்க்கெட் தாண்டி மஞ்சள் பில்டிங், நாலாவது மாடி, லிப்ட்டை விட்டு இறங்கினா இடது கைப்பக்கம்னு. என்னடா ஆச்சு? குரலே சரியில்ல."

"மொட்டை, இறங்கு. இறங்கி என் வீட்டுக்கு ஓடு."

"நான் பாதி ஊர் தாண்டிட்டேன்டா..."

"ஓடுடா!"

மொட்டை அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "இறங்கிட்டேன்," என்றான். லைன் போனது.

வீட்டு நம்பரை அடித்தான். பிசி.

மறுபடியும். பிசி.

லேப்டாப்பில் எட்டாவது வரி, திரையின் அடி விளிம்பில் பாதி மறைந்து கிடந்தது. இவ்வளவு நேரம் அதை மேலே தள்ளிப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது விரலால் தள்ளினான். மெதுவாக. பார்த்துவிட்டால் உண்மையாகிவிடும் என்பது போல.

அவன் வீட்டு நம்பர். எதிரே ஒன்பது. எடுக்கப்பட்டது.

அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. மாட்டுகிறவனுக்கு மட்டும் ஒரு ரகசிய எண். அதை அழுத்தினால் நடந்துகொண்டிருக்கிற எந்தப் பேச்சுக்குள்ளும் குறுக்கே நுழையலாம். ஒட்டுக்கேட்கிற வேலை என்று அவன் அதைத் தொடுவதே இல்லை. அழுத்தினான்.

முதலில் டக் டக். டக் டக். அவன் சரிசெய்யாத மின்விசிறி. அதற்கு மேல் அவன் மகளின் குரல், குஷியாக, மூச்சுவிடாமல்.

"...அப்புறம் டீச்சர் என்னையே எந்திரிச்சுப் படிக்கச் சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. கேக்குறியாப்பா?"

"ம்ம்ம்ம்."

அவன் குரல். அவன் சுருதி. அவன் தொண்டைக் கரகரப்பு. அவனைவிட நன்றாக. டீச்சர் கதையை அவன் ஒருநாளும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை என்பது அந்தப் பயத்திலும் எங்கோ சுருக்கென்று குத்தியது.

"பாப்பா! அது நான் இல்ல!"

மறுமுனையில் ஒரு திடுக்கிடல். "அப்பா, லைன்ல யாரோ கத்துறாங்க."

"ம்ம்ம்ம். கிராஸ் டாக்மா, வேற யாரோ லைன் கலக்குது. கண்டுக்காத."

"உன்ன மாதிரியே கத்துறாங்கப்பா."

"ம்ம்ம்ம்."

"பாப்பா, நான்தான் அப்பா. ஆபீஸ்ல இருக்கேன். என்கிட்ட சாவி இருக்கு, கேளு." சாவியை டெஸ்ட் போனின் வாய்ப்பக்கம் வைத்து ஆட்டினான். கிலுங்கியது. அந்த முனையிலும் ஒரு சாவி கிலுங்கியது. அதே மாதிரி. அதே எண்ணிக்கை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் அவள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

தொழிலில் எத்தனையோ சோதனைகள் அவனுக்குத் தெரியும். இரண்டு லைனில் எது நல்ல லைன் என்று கண்டுபிடிக்கிற சோதனைகள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தோற்பது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

"பாப்பா. நம்ம ஆட்டம் ஆடலாமா? ம்ம் ஆட்டம். ரெண்டு பேரும் போடறோம். யாரு தோக்கறாங்கன்னு மட்டும் பாரு."

டக் டக். பிறகு சன்னமாக, நடுங்கிக்கொண்டு: "ஒன்னு... ரெண்டு... மூணு."

அவன் மூச்சை இழுத்து ஆரம்பித்தான். அதுவும் ஆரம்பித்தது. இரண்டு ஒலிகளும் ஒரே கம்பியாக முறுக்கிக்கொண்டன. எது தன்னுடையது என்று அவனுக்கே தெரியவில்லை. நெஞ்சு எரிந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ஒருநாளாவது ஜெயிக்க வேண்டும் என்று எத்தனை ராத்திரி நினைத்திருக்கிறான். இன்று தோற்க வேண்டும். சீக்கிரம். சத்தமாக.

வெடித்து இருமினான்.

அது நிற்கவில்லை.

போய்க்கொண்டே இருந்தது. ஏற்றமில்லை. இறக்கமில்லை. நடுவில் ஒரு துளி மூச்சில்லை. டயல்டோனுக்கு எதற்கு மூச்சு?

"அப்பா," என்றாள் மகள். இந்த முறை யாரிடம் சொன்னாள் என்று தெரிந்தது. "நீ தோத்துட்ட."

"ஆமா கண்ணு. நான்தான் தோத்தேன். போனை வைக்காத. அதை வெட்டிவிடறேன்."

ஒன்பதுக்குப் போன பேச்சு எந்த வழியாகப் போயிருந்தாலும் பெட்டிகளைக் கோக்கிற நீலக் கேபிள் வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. அதைப் பிடுங்கினால் அது போய்விடும். அவனும் மகளும் மட்டும் லைனில் இருப்பார்கள். முழங்காலிட்டான். கேபிள் முனையின் கொக்கி விரலில் வழுக்கியது. நகம் பிய்ந்தது. இழுத்தான்.

வந்துவிட்டது.

ஒவ்வொன்றாக விளக்குகள் அணைந்தன. ஏழு. ஆறு. இரண்டு. ஒன்று. ஒரே ஒரு பச்சை. திரையில் எட்டாவது வரியில் இரண்டு முனைகள்: அவன் வீடு, அவன் டெஸ்ட் போன். ஒன்பது இல்லை. எங்குமே இல்லை.

நீலக் கேபிள் அவன் கையில் தொங்கியது.

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்.

கேபிளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். கண்ணை மூடிக் கேட்டான். ஒலி மாறியிருந்தது. வயரில் வருகிற ஒலிக்கு அகலம் இருக்காது. இதற்கு இருந்தது. சுவர் இருந்தது. தரை இருந்தது. டக் டக் என்று அடிக்கிற மின்விசிறிக்கு அடியில், அந்தக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டு, அது நின்றுகொண்டிருந்தது.

"பாப்பா." கேபிளைப் போட்டுவிட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்தான். "பாப்பா. கதவைத் திறந்தியா?"

"நீ திட்டுவ."

"திட்ட மாட்டேன்."

"சாவியை மறந்துட்டேன், கதவைத் திறந்து வைன்னு நீதானே போன்ல சொன்ன..."

"திட்ட மாட்டேன் செல்லம். சத்தியமா. திறந்தியா, இல்லையா?"

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம். அதற்கு மேல், போனுக்கு வெகு அருகில், அவளுடைய சின்ன மூச்சு. ஒன்று. இன்னொன்று. சாவியின் பல் அவன் உள்ளங்கையில் இறங்கியது.

"திறந்துட்டேன்ப்பா," என்றாள். "அப்பவே."